மூன்று அச்சு நாடுகளின் நீர்மூழ்கிகளையும் வீழ்த்திய பெட்டார்ட்: கப்பலும் அதன் இரண்டு கேப்டன்களும்

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் ஹெச்எம்எஸ் பெட்டார்ட்தானா? அந்தக் கப்பல் என்னென்ன செய்தது, அதை நடத்தியவர்கள் யார், அதன் ஆட்களில், எதிரி நீர்மூழ்கிக்குள் உயிர்விட்ட இருவருக்கும் பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் ஏன் கொடுக்கவில்லை?

முதல் பகுதிக்கு நேரான பதில்: இல்லை. பெட்டார்ட் ஆட்கள் எனிக்மா இயந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. அவர்கள் கொண்டுவந்தவை காகிதங்கள். அவற்றில் முக்கியமானவை இரண்டு சங்கேதப் புத்தகங்கள். ஆனால் அன்றைய நிலையில் இயந்திரத்தைவிட அந்தப் புத்தகங்கள்தான் பிரிட்டனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த ஒரே இரவை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டார்டைப் பற்றிப் பேசுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பதினாறு மாதங்களுக்குள் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்று மூன்று நாடுகளின் நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த கப்பல் அது. அப்படிப் பெயர் வாங்கிய கப்பல் மிக அரிது. கடைசி நீர்மூழ்கியோடு நடந்த சண்டைதான் என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது.

பெட்டார்ட் பி வகுப்பு டெஸ்ட்ராயர். இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்ற இடத்தில் இருந்த விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் 1939 டிசம்பர் கடைசியில் கட்டத் தொடங்கினார்கள். 1941 மார்ச்சில் நீரில் இறக்கி, 1942 ஜூனில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். ஏறக்குறைய 1,540 டன் எடை, 345 அடி நீளம், மணிக்கு 36 நாட் வேகம். போர் தொடங்கியதும் அவசரத் திட்டத்தில் கட்டிய கப்பல் என்பதால் பீரங்கிகள் 4 அங்குலம்தான். பெரிய டெஸ்ட்ராயர்களில் இருந்த 4.7 அங்குலப் பீரங்கிகள் இதில் இல்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1944இல் மாலத்தீவுக்கு அருகே இது பெரிய விஷயமாகப் போகிறது.

முதல் கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் மார்க் தார்ன்டன். (டெஸ்ட்ராயரை நடத்துபவரின் பதவி எதுவாக இருந்தாலும் கப்பலுக்குள் அவர் கேப்டன்தான்.) நீர்மூழ்கி வேட்டை அவருக்குப் புதிதல்ல. 1940 அக்டோபர் 30 அன்று, ஹார்வெஸ்டர் என்ற டெஸ்ட்ராயரின் கேப்டனாக, ஹைலேண்டர் என்ற இன்னொரு கப்பலோடு சேர்ந்து யு-32 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தவர் அவர். எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன் என்ற 42,000 டன் பயணிகள் கப்பலை அதற்கு இரண்டே நாள் முன்பு கடலுக்கு அனுப்பியிருந்தது அந்த யு-32. தார்ன்டன் கண்டிப்பானவர், பயிற்சி பயிற்சி என்று ஆட்களை உலுக்கி எடுத்தவர். ஒரு நீர்மூழ்கியை வெறுமனே மூழ்கடிப்பதோடு நிற்காமல், மேலே வரவைத்து, உள்ளே ஆள் இறக்கி, கிடைப்பதை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதற்கான குழுவையும் தயார் செய்து வைத்திருந்தார். அதற்குத் தலைமை, கப்பலில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த லெப்டினன்ட் டோனி ஃபாஸன். ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதிக்காரர், வயது 29.

இனி 1942 அக்டோபர் 30. யு-32 மூழ்கிய அதே தேதி, சரியாக இரண்டு வருடம் கழித்து. எகிப்தில் எல் அலமெய்ன் போர் நடந்துகொண்டிருந்த வாரம். போர்ட் சையதுக்கு வடக்கே, நைல் டெல்டாவிலிருந்து 70 மைல் தொலைவில், அதிகாலையில் ரோந்து போன சண்டர்லேண்ட் விமானத்தின் ரேடாரில் ஒரு நீர்மூழ்கி தட்டுப்பட்டது. அதைத் தேடி ஐந்து டெஸ்ட்ராயர்கள் போயின: பெட்டார்ட், பாக்கன்ஹாம், ஹீரோ, டல்வர்டன், ஹர்வொர்த். கீழே இருந்தது யு-559. கேப்டன் ஹான்ஸ் ஹைட்மன். முந்தைய நவம்பரில் டோப்ருக் அருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் பாரமட்டா கப்பலைத் தாக்கி 138 பேரைக் கொன்றது இதே நீர்மூழ்கிதான்.

நண்பகலில் தொடங்கிய வேட்டை இருட்டிய பிறகும் முடியவில்லை. ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், நீர்மூழ்கி இன்னும் ஆழத்துக்கு இறங்கித் தப்பிக்கொண்டே இருந்தது. இங்கே ஒரு சின்ன தந்திரம். ஆழ்நீர்க் குண்டு என்பது வெடிமருந்து அடைத்த பீப்பாய். எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துவிட்டுக் கடலில் உருட்டிவிடுவார்கள். துளைகள் வழியாக நீர் உள்ளே போய், அதன் அழுத்தம் விசையைத் தட்டும்போது வெடிக்கும். அமைக்கக்கூடிய அதிகபட்ச ஆழத்துக்கும் கீழே யு-559 இருப்பதாகப் பட்டதால், பெட்டார்ட் ஆட்கள் அந்தத் துளைகளில் சோப்பை அப்பி அடைத்தார்கள். நீர் உள்ளே போகத் தாமதமாகும், அதற்குள் குண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். எந்தக் கையேட்டிலும் இல்லாத வேலை. ஆனால் பலித்தது.

இரவு பத்தரை மணிக்கு மேல் யு-559 மேலே வந்தது. உள்ளே காற்று கெட்டு, நீர் புகுந்து, இனி தாங்காது என்ற நிலையில் ஜெர்மானியர்கள் கடலில் குதித்தார்கள். கப்பலை மூழ்கடிக்க நீர் வரும் வழிகளைத் திறந்துவிட்டார்கள், ஆனால் சங்கேதப் புத்தகங்களை அழிக்கவில்லை. பெட்டார்டின் தேடுவிளக்கு வெளிச்சத்தில் அந்த நீர்மூழ்கி மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

ஃபாஸனும் கோலின் கிரேசியர் என்ற 22 வயது மாலுமியும் உடைகளைக் கழற்றிவிட்டுக் கடலில் குதித்து நீந்தினார்கள். கிரேசியர் டாம்வொர்த் ஊர்க்காரர், கப்பல் புறப்படும் முன்புதான் கல்யாணம் ஆனவர். பின்னாலேயே டாமி பிரவுன் போய்ச் சேர்ந்தான். இவன் கடற்படைக்காரன்கூட இல்லை. கப்பல் கேன்டீனில் வேலை பார்த்த பையன். வயது 16. சேரும்போது வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தான்.

பிரவுன் பின்னர் விசாரணையில் சொன்னதிலிருந்துதான் உள்ளே நடந்தது நமக்குத் தெரிகிறது. விளக்குகள் அணைந்திருந்தன. ஃபாஸன் டார்ச் வெளிச்சத்தில் கேப்டனின் அறையில் அலமாரிகளைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கதவுக்குப் பின்னால் சாவிகள் தொங்கின. அவற்றால் ஒரு இழுப்பறையைத் திறந்து இன்னும் காகிதங்களை எடுத்தார். பிரவுன் அந்தக் கட்டுகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, பக்கத்தில் வந்து நின்ற படகில் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கினான். மூன்று முறை இப்படி. ஒவ்வொரு முறையும் உள்ளே நீர்மட்டம் கூடியிருந்தது. குண்டுகள் துளைத்த ஓட்டைகள் வழியாகவும் நீர் கொட்டியது. ஃபாஸன் அப்புறம் சுவரில் பொருத்தியிருந்த ஏதோ ஒரு கருவியைக் கழற்ற முயன்றார். அதைக் கயிறு கட்டி மேலே இழுக்கும் முயற்சி நடந்தது. வெளியே வரச் சொல்லி மேலிருந்து கட்டளை வந்தது. பிரவுன் இருவரையும் இரண்டு முறை கூப்பிட்டான். அவர்கள் ஏணியில் கால் வைத்த நேரத்தில் நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது. பிரவுன் குதித்துத் தப்பினான். மற்ற இருவரும் அதோடு போய்விட்டார்கள்.

சரி, அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன இருந்தது?

1942 பிப்ரவரி 1 முதல் அட்லாண்டிக்கில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகள் எழுத்துகளை மாற்றிக்கொடுக்கும் சக்கரங்கள் நான்கு கொண்ட புதிய எனிக்மாவுக்கு மாறின. அதுவரை மூன்று சக்கர எனிக்மாவின் செய்திகளை ஓரளவு படித்துவந்த, பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க் அன்று குருடாகிப் போனது. ஷார்க் என்று அவர்கள் பெயர் வைத்த அந்தச் சங்கேதம் பத்து மாதம் உடையவில்லை. அந்தப் பத்து மாதத்தில் நேச நாடுகள் இழந்த கப்பல்கள் ஏராளம். 1942 நவம்பர் ஒரே மாதத்தில் நீர்மூழ்கிகள் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கடித்தன.

யு-559இல் கிடைத்த முக்கியமான புத்தகம் வானிலைச் சுருக்கக் குறியீட்டின் இரண்டாம் பதிப்பு. இன்னொன்று, எதிரிக் கப்பலைக் கண்டதும் அனுப்பும் சுருக்கச் செய்திகளுக்கான புத்தகம். நீர்மூழ்கி நீண்ட நேரம் ரேடியோவில் பேசினால் அதன் இருப்பிடத்தை எதிரி கண்டுபிடித்துவிடுவான். அதனால் காற்று, வெப்பநிலை, காற்றழுத்தம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் சில எழுத்துகளாகச் சுருக்கி, அதை எனிக்மாவில் போட்டு மிகக் குறுகிய நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். கரையில் இருந்த ஜெர்மன் வானிலை நிலையம் அதே தகவலை வேறொரு எளிய சங்கேதத்தில் திரும்ப ஒலிபரப்பும். அந்த எளிய சங்கேதத்தை பிளெச்லி பார்க் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தது. ஆக, நீர்மூழ்கி என்ன வானிலையைச் சொன்னது என்று தெரியும். அதை எந்த எழுத்துகளாகச் சுருக்கியிருப்பார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. பெட்டார்ட் கொண்டுவந்த புத்தகம் அந்த இடைவெளியை நிரப்பியது. மூலச் செய்தி கையில் கிடைத்தால், சங்கேதச் செய்தியோடு ஒப்பிட்டு அன்றைய சாவியை, அதாவது இயந்திரத்தின் அன்றைய அமைப்பைத் தேடும் வேலையை பாம் என்ற இயந்திரங்களிடம் விட்டுவிடலாம்.

இதில் ஜெர்மானியர்கள் செய்த தவறு ஒன்றும் கைகொடுத்தது. கரையில் இருந்த வானிலைக்காரர்களிடம் மூன்று சக்கர இயந்திரம்தான் இருந்தது. அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, வானிலைச் செய்தி அனுப்பும்போது நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரத்தை ஒரு நிலையில் நிறுத்தி, தங்கள் இயந்திரத்தையும் மூன்று சக்கர இயந்திரம் மாதிரியே வேலை செய்ய வைத்தன. அப்படியானால் பிளெச்லியின் பழைய மூன்று சக்கர பாம் இயந்திரங்களே போதும். வானிலைச் செய்தியை வைத்து மூன்று சக்கரங்களின் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற செய்திகளுக்கு நான்காவது சக்கரத்தின் 26 நிலைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் முடிந்தது.

புத்தகங்கள் நவம்பர் 24 அன்று பிளெச்லி பார்க் போய்ச் சேர்ந்தன. டிசம்பர் 13 அன்று ஷார்க் உடைந்தது. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று மறுபடி தெரியத் தொடங்கியது, கான்வாய்களை (பாதுகாப்போடு கூட்டமாகப் போகும் கப்பல்களை) விலக்கி அனுப்ப முடிந்தது. 1943 மார்ச்சில் ஜெர்மானியர்கள் வானிலைப் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு மாறியபோது, அவ்வளவுதான், பழையபடி இருட்டு என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது கைகொடுத்தது அந்த இரண்டாவது புத்தகம். அதை வைத்துப் பத்து நாளுக்குள் மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரவுன் ஏணியில் சுமந்த கட்டுகளில் ஒன்று குறைந்திருந்தால்கூட அந்த மார்ச் மாதம் வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பெட்டார்டில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். 1942 டிசம்பர் 15 அன்று, மால்டாவுக்குத் தெற்கே, கிரேக்க டெஸ்ட்ராயர் வசிலிஸா ஓல்காவோடு சேர்ந்து இத்தாலிய நீர்மூழ்கி உவார்ஷீக்கை மேலே வரவைத்தார்கள். அதன் கேப்டன் கயெதானோ அரெட்ஸோ டெல்லா தார்ஜியா மேல்தளத்தில் சண்டையிட்டபடியே இறந்தார். இருட்டில் பெட்டார்ட் அதன் மேல் மோதியதில் பெட்டார்டின் முன்பக்கம் சேதமானது. தார்ன்டன் இங்கேயும் ஆட்களை உள்ளே அனுப்பிக் காகிதங்களை எடுக்கச் செய்தார், நீர்மூழ்கியையே இழுத்துக்கொண்டு போகவும் முயன்றார். வழியில் அது மூழ்கிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு நீர்மூழ்கிகள், இரண்டிலும் உள்ளே ஆள் போய் வந்திருக்கிறார்கள். இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கப்பலில் அதற்கான பழக்கத்தை ஏற்படுத்தியவர் தார்ன்டன். உவார்ஷீக்கின் போது அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய ஃபாஸன் உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

1943 தொடக்கத்தில் தார்ன்டன் போய், லெப்டினன்ட் கமாண்டர் ரூபர்ட் ஈகன் கேப்டனாக வந்தார். போரின் எஞ்சிய முக்கியமான கட்டம் முழுக்க அவர் கையில்தான் நடந்தது. ஆனால் எனிக்மா கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தார்ன்டனோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஈகனின் முதல் சில மாதங்கள் துனிசியக் கடலில். வட ஆப்பிரிக்காவில் அச்சு நாட்டுப் படைகள் மூலையில் சிக்கியிருந்தன, இத்தாலிக்குத் தப்பக் கடல் ஒன்றுதான் வழி. அட்மிரல் கன்னிங்ஹாம் தன் கப்பல்களுக்கு அனுப்பிய கட்டளை கடற்படை வரலாற்றில் பிரபலம்: மூழ்கடியுங்கள், எரித்துவிடுங்கள், அழித்துவிடுங்கள், எதையும் தாண்டிப் போக விடாதீர்கள். அந்த நடவடிக்கையின்போது சொந்த விமானங்களே தவறாகக் குண்டு போட்டுவிடக் கூடாது என்று டெஸ்ட்ராயர்களின் மேல்பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, மே 4 அன்று, நூபியன், பலாடின் ஆகிய கப்பல்களோடு சேர்ந்து பெட்டார்ட் இத்தாலியச் சரக்குக் கப்பல் காம்போபாஸோவையும் அதற்குத் துணையாக வந்த பெர்ஸியோ என்ற டார்பிடோ படகையும் மூழ்கடித்திருந்தது. அப்புறம் ஜூலையில் சிசிலி படையெடுப்பு.

அந்த வருட அக்டோபரில் ஏஜியன் கடல். இத்தாலி சரணடைந்ததும் லெரோஸ், கோஸ் போன்ற தீவுகளைப் பிடித்துவிடலாம் என்று பிரிட்டிஷார் இறங்கினார்கள். வானம் முழுக்க ஜெர்மன் விமானப்படையின் கையில் இருந்தது, பிரிட்டிஷ் கப்பல்கள் இரவில் மட்டுமே நகர முடிந்தது. அக்டோபர் 24 இரவு எக்லிப்ஸும் பெட்டார்டும் லெரோஸுக்கு வீரர்களை ஏற்றிக்கொண்டு போனபோது, கலிம்னோஸ் தீவுக்குக் கிழக்கே எக்லிப்ஸ் கடல் கண்ணிவெடியில் மோதி சில நிமிடங்களில் மூழ்கியது. மாலுமிகளும் வீரர்களுமாக 250 பேருக்கு மேல் போனார்கள். பெட்டார்ட் இருட்டில் நின்று, கிடைத்தவர்களைத் தூக்கியது.

யு-559ஐ வேட்டையாடிய ஐந்து கப்பல்களின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாக்கன்ஹாம் 1943 ஏப்ரலில் பான்டெல்லேரியா அருகே இத்தாலிய டார்பிடோ படகுகளோடு மோதிச் சேதமாகி, கடைசியில் சொந்தக்காரர்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. ஹர்வொர்த் அக்டோபரில் ஏஜியனில் கண்ணிவெடிக்குப் பலி. டல்வர்டன் நவம்பரில் ஜெர்மன் விமானம் ஏவிய வழிநடத்தும் குண்டுக்குப் பலி. ஹீரோ அதே நவம்பரில் கனடாக் கடற்படைக்குப் போய் ஷோடியேர் என்ற பெயரில் ஓடியது. அந்த இரவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில், பிரிட்டிஷ் கொடியோடு மிதந்துகொண்டிருந்தது பெட்டார்ட் ஒன்றுதான்.

இனி மாலத்தீவு. 1944 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் உள்ள கிலின்டினி துறைமுகத்திலிருந்து ஐந்து துருப்புக் கப்பல்கள் கொழும்புக்குப் புறப்பட்டன. பாதுகாப்புக்கு ஹாக்கின்ஸ் என்ற பழைய க்ரூஸர். வழியில் பெட்டார்டும் பலாடினும் சேர்ந்துகொண்டன. ஐந்தில் ஒன்று கெடிவ் இஸ்மாயில். 1922இல் கட்டிய கப்பல். அதில் 1,511 பேர்: கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையின் 301ஆவது ரெஜிமென்ட் வீரர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், கடற்படைக்காரர்கள், செவிலியர்கள், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

பிப்ரவரி 12, சனிக்கிழமை மதியம். ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி, ஃபுகுமுரா தோஷியாகி தலைமையில், கான்வாய்க்குள் புகுந்து இரண்டு டார்பிடோக்களைக் கெடிவ் இஸ்மாயிலின் மேல் செலுத்தியது. 1942இல் சிட்னி துறைமுகத் தாக்குதலுக்குக் குட்டி நீர்மூழ்கியைச் சுமந்து போனவற்றில் ஒன்று இந்த ஐ-27. டார்பிடோ பட்ட மூன்று நிமிடத்துக்குள் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 1,297 பேர் இறந்தார்கள், அவர்களில் 77 பேர் பெண்கள். பிழைத்தவர்கள் 214 பேர். பெண்களில் ஆறே பேர்.

மற்ற துருப்புக் கப்பல்கள் நிற்க முடியாது. நின்றால் அவற்றுக்கும் அதே கதிதான். அவை விலகி ஓடின. பலாடின் படகுகளை இறக்கி நீரில் தத்தளித்தவர்களை ஏற்றத் தொடங்கியது. பெட்டார்ட் நீர்மூழ்கியைத் தேடியது. அது ஒளிந்திருந்த இடம், தத்தளித்துக்கொண்டிருந்த ஆட்களுக்குக் கீழே.

ஈகன் முன்னால் இருந்த நிலைமையை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆழ்நீர்க் குண்டு வெடித்தால் அதன் அதிர்ச்சி நீர் வழியாகப் போய், மேலே மிதக்கும் மனிதனின் வயிற்றையும் நுரையீரலையும் கிழித்துவிடும். குண்டு போடாமல் விட்டால், அந்த நீர்மூழ்கி ஆட்களைத் தூக்க நின்றுகொண்டிருக்கும் பலாடினை அடிக்கும், இல்லாவிட்டால் தப்பி ஓடி வேறொரு துருப்புக் கப்பலை அடிக்கும். யோசிக்க நேரம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அங்கே அவர்தான் மூத்த அதிகாரி. குண்டு போடச் சொன்னார். கடலில் மிதந்துகொண்டே கையசைத்தவர்களைப் பார்த்தபடி அந்த ஆட்கள் குண்டுகளை உருட்டினார்கள்.

இதைக் கொடூரம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. 214 பேர் கரை சேர்ந்ததற்கும், மற்ற நான்கு கப்பல்கள் கொழும்பு போய்ச் சேர்ந்ததற்கும் அந்த முடிவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் செய்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்திருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்தடுத்த குண்டுகளில் ஐ-27 மேலே வந்தது. இப்போதுதான் அந்த 4 அங்குலப் பீரங்கிகள் பிரச்சினையாயின. ஜப்பானியரின் அந்தப் பெரிய நீர்மூழ்கி நீருக்கு மேலே 2,000 டன்னுக்கு மேல் எடை கொண்டது, பெட்டார்டையே விஞ்சும். குண்டுகள் அதன் மேல் பட்டு வெடித்தனவே தவிர உடலைத் துளைக்கவில்லை. பலாடின் நேராக மோதப் பாய்ந்தது. மோத வேண்டாம் என்று பெட்டார்ட் சைகை காட்டியும் நேரம் கடந்திருந்தது. கடைசி நொடியில் திரும்பிய பலாடினின் பக்கவாட்டை நீர்மூழ்கியின் கிடைமட்டச் சுக்கான் நீளமாகக் கிழித்துவிட்டது. மோதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குத் தார்ன்டனின் பழைய ஹார்வெஸ்டரே சாட்சி. 1943 மார்ச்சில் அது ஒரு நீர்மூழ்கியை மோதிவிட்டு நகர முடியாமல் நின்றபோது, இன்னொரு நீர்மூழ்கி வந்து அதை மூழ்கடித்தது.

பெட்டார்டிடம் மிச்சம் இருந்தது டார்பிடோ. ஒவ்வொன்றாக விட்டார்கள். ஒன்று, இரண்டு என்று ஆறு டார்பிடோக்கள் குறி தவறின. ஏழாவது பட்டது. ஐ-27 வெடித்துச் சிதறியது, அதிலிருந்து உயிரோடு கிடைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகு பிழைத்தவர்களோடு இரண்டு கப்பல்களும் அட்டு பவளத்தீவை அடைந்தன.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏப்ரலில் கீழைக் கடற்படை திருகோணமலையிலிருந்து புறப்பட்டுச் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியபோது பெட்டார்டும் கூடப் போனது. போருக்குப் பிறகு சில காலம் சும்மா கட்டிக் கிடந்து, 1950களில் டைப் 16 நீர்மூழ்கி எதிர்ப்பு ஃப்ரிகேட்டாக மாற்றப்பட்டது. வேகமாக ஓடும் புதிய தலைமுறை நீர்மூழ்கிகளைத் துரத்த, பழைய டெஸ்ட்ராயர்களைக் குறைந்த செலவில் திருத்தி எடுத்த ஏற்பாடு அது. 1967இல் ஸ்காட்லாந்தின் போனெஸ் என்ற ஊரில் உடைத்துவிட்டார்கள்.

கடைசியாக விக்டோரியா கிராஸ் பற்றி. ஃபாஸனுக்கும் கிரேசியருக்கும் 1943 செப்டம்பரில் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், பிரவுனுக்கு ஜார்ஜ் பதக்கம். விக்டோரியா கிராஸ் எதிரியின் நேருக்கு நேர் காட்டிய வீரத்துக்கானது. எதிரிகள் கைவிட்டுப் போன நீர்மூழ்கிக்குள் நடந்தது அந்த விதிக்குள் வராது என்பதுதான் காரணம். பாரபட்சம் எதுவும் இல்லை. ஜார்ஜ் கிராஸ் விக்டோரியா கிராஸுக்குச் சமமான கௌரவம்தான். மேலும், விக்டோரியா கிராஸ் கொடுத்தால் அதில் என்னதான் நடந்தது என்று எதிரியின் கவனம் திரும்பும் ஆபத்தும் இருந்தது. புத்தகங்கள் கிடைத்த விஷயம் 1970கள் வரை வெளியே வரவில்லை. அதனால் அந்த இரு குடும்பங்களும் தங்கள் பிள்ளை எதற்காக இறந்தான் என்று முப்பது வருடம் சரியாகத் தெரியாமலேயே இருந்தன. எனக்கு உறுத்துவது பதக்கத்தின் பெயர் அல்ல, இதுதான்.

பதக்க விவகாரத்தில்தான் பிரவுனின் உண்மையான வயது வெளிப்பட்டது. கப்பலில் வேலை செய்யும் வயது அவனுக்கு இன்னும் ஆகவில்லை என்று கரையிறக்கிவிட்டார்கள். பிறகு பெல்ஃபாஸ்ட் என்ற க்ரூஸரில் மறுபடி கேன்டீன் வேலைக்குப் போனான். 1945 பிப்ரவரியில் விடுப்பில் நார்த் ஷீல்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தபோது வீடு தீப்பற்றியது. தங்கை மாரீனைக் காப்பாற்ற உள்ளே போனவன் அவளோடு சேர்ந்து இறந்தான். அப்போது அவனுக்கு வயது 18. ஜார்ஜ் பதக்கத்தை மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவன் குடும்பத்தாரிடம் கொடுத்தார்.